கோயாசான் மலைக்கோயிலில் ஒரு பெண் தனியாக இரவு தங்குவது எப்படி

ஜப்பானுக்குத் தனியாகப் போகிறேன், எங்கே போகலாம் என்று எந்தத் தோழி கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒசாகாவுக்குத் தெற்கே மலைமேல் இருக்கிற கோயாசான். 816-இல் கூகாய் என்ற துறவி தொடங்கிய ஊர் அது. நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தக் கோயில்கள் இருக்கின்றன, அவற்றில் ஐம்பது சொச்சம் கோயில்கள் வெளியாட்களுக்கு அறையும் சாப்பாடும் கொடுக்கின்றன. இப்படித் தங்கும் கோயிலுக்கு ஷுகுபோ என்று பெயர். ஆயிரம் வருடங்களுக்கு மேலாகப் பெண்கள் இந்த ஊருக்குள் கால் வைக்க முடியாது, 1872-இல்தான் அரசாங்கம் அந்தத் தடையை எடுத்தது. அப்படிப்பட்ட இடத்தில் இன்று ஒரு பெண் தனியாகப் போய் நிம்மதியாகத் தூங்கி எழுந்து வரலாம். ஆனால் சில விஷயங்களை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், நான் கேட்காமல் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் விஷயம் கதவு. பழைய கோயில் அறைகளின் கதவு பெரும்பாலும் காகிதம் ஒட்டிய மரச்சட்டம், பக்கவாட்டில் நகர்த்தித் திறப்பது, பூட்டே இருக்காது. நான் முதல் முறை தங்கிய இடத்தில் பக்கத்து அறைக்கும் எனக்கும் நடுவிலும் அதே மாதிரி ஒரு தடுப்புதான் இருந்தது, அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் என் பாயில் கேட்டது. யாரும் எந்தத் தொல்லையும் தரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், ஆனாலும் பெட்டியைக் கதவில் சாய்த்து வைத்துவிட்டு இரவு இரண்டு மணி வரை கண்ணை மூட முடியவில்லை. அதனால் அறை பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள்: உள்ளிருந்து பூட்டும் அறை இருக்கிறதா, பக்கத்து அறையோடு சுவரா தடுப்பா, கழிப்பறை அறைக்குள்ளா வெளியிலா. பூட்டு வைத்த அறைகள் பல கோயில்களில் இருக்கின்றன, கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். ஒற்றை ஆளுக்கு அறை கொடுக்காத கோயில்களும் உண்டு, அதற்காக மனம் சுருங்க வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள். கேட்கும் கட்டணத்தில் பெரும்பாலும் இரண்டு வேளைச் சாப்பாடும் சேர்ந்திருக்கும்.

போகும் வழி சுலபம். புல்லட் ரயிலில் வந்து ஷின் ஒசாகா நிலையத்தில் இறங்கினால் மிதோசுஜி சுரங்க ரயிலில் நம்பா வரை போக வேண்டும். அந்த ரயிலில் பெண்களுக்கு மட்டுமான ஒரு பெட்டி உண்டு, வார நாட்களில் நாள் முழுக்க, அது நிற்கும் இடத்தில் நடைமேடையிலேயே இளஞ்சிவப்பில் எழுதியிருப்பார்கள். நம்பாவிலிருந்து நன்காய் ரயிலில் கொகுராகுபாஷி, அங்கிருந்து கேபிள் கார், மேலே பஸ். நன்காய் தனியார் ரயில், வெளிநாட்டுப் பயணிகள் வாங்கும் ஜேஆர் ரயில் பாஸ் அதில் செல்லாது. பெரிய பெட்டியை ஒசாகா ஓட்டலிலோ நம்பா நிலையத்து லாக்கரிலோ வைத்துவிட்டு முதுகுப் பையோடு மட்டும் போங்கள், கேபிள் கார் நிலையத்தில் படிக்கட்டு, கோயிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி படிக்கட்டு. மேலே வந்ததும் ஊருக்கு நடந்து போகலாம் என்று நினைக்காதீர்கள், நிலையத்திலிருந்து போகும் அந்தச் சாலையில் நடக்க அனுமதி இல்லை, பஸ்தான்.

அந்த பஸ் ஊருக்குள் நுழைவதற்கு முன் நியோனின்தோ என்ற நிறுத்தத்தில் நிற்கும். அங்கே இறங்குங்கள். பெண்கள் மண்டபம் என்று பொருள். மலைக்கு ஏழு நுழைவாயில்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு மண்டபம், உள்ளே போக முடியாத பெண்கள் அதுவரை வந்து தங்கிக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். ஏழில் இது ஒன்றுதான் மிச்சம். சின்ன, இருண்ட மரக்கட்டடம், பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், எனக்கு அங்கிருந்து கிளம்ப ஒரு மணி நேரம் ஆயிற்று. எத்தனை நாள் நடந்து வந்து இந்த வாசலில் நின்றிருப்பார்கள்!

கோயிலுக்கு மாலை நான்கு மணிக்குள் போய்விடுங்கள், ஐந்துக்கு மேல் தாமதிக்கவே கூடாது. ஐந்தரை ஆறு மணிக்கெல்லாம் இரவுச் சாப்பாடு, அதற்குப் பிறகு ஊரில் அநேகமாக எல்லாக் கடையும் மூடியிருக்கும். சாப்பாட்டைப் பற்றிச் சைவக்காரர்கள் கவலையே பட வேண்டாம். ஜப்பானில் மற்ற இடங்களில் காய்கறிக் குழம்பு என்று நம்பிச் சாப்பிட்டால் அதில் தாஷி என்ற மீன் ஊறிய சாறு இருக்கும், இங்கே அது கடற்பாசியிலும் காளானிலும் செய்தது. இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டு கூடக் கிடையாது. எள்ளில் செய்யும் தோஃபு, உறையவைத்து உலர்த்திய கோயா தோஃபு இரண்டும் இந்த ஊரின் பெருமை. மலையிறங்கியபின் உதவ ஒரு வாக்கியம்: "நிகு தோ சகானா வா தபெமாசென்", இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன்.

குளியல் பொது, பெண்களுக்குத் தனி. உடை எதுவும் இல்லாமல்தான் இறங்க வேண்டும், முதலில் வெளியே உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வெந்நீர்த் தொட்டி. கூச்சமாக இருந்தால் நேரம் தொடங்கியதுமே போங்கள், அல்லது முடியும் நேரத்தில், பெரும்பாலும் ஆள் இருக்காது. மாதவிலக்கு நாள் என்றால் தொட்டியைத் தவிர்த்துவிட்டு வெளிக்குழாயோடு நிறுத்திக்கொள்வதுதான் அங்கே மரியாதை. நாப்கினைக் கீழேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். குளிர் ஒசாகாவை விட நன்றாகவே அதிகம், சுமார் 800 மீட்டர் உயரம், நடைவழிகளில் ஹீட்டர் இருக்காது, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வேண்டும்.

அப்புறம் ஒகுனோயின். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கல்லறைகள், வானம் மறைக்கும் தேவதாரு மரங்கள், நடுவில் சுமார் இரண்டு கிலோமீட்டர் கல்பாதை, முடிவில் கூகாயின் இடம். அவர் 835-இல் இறக்கவில்லை, இன்னும் தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை, நாம் ஜீவசமாதி என்கிறோமே, அதேதான். இரவில் விளக்கு எரியும், போகலாம், ஆனால் முதல் தடவை தனியாகப் போகாதீர்கள். துறவி ஒருவர் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே கூட்டிப்போகும் இரவு நடை இருக்கிறது, அதில் சேர்ந்துகொள்ளுங்கள். நான் சேர்ந்த அன்று எங்களில் நான்கு பேர் தனியாக வந்த பெண்கள். அவசரம் என்றால் போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119, இதைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

காலை ஆறு, ஆறரைக்குப் பூசை. முழங்கால் மடக்கி உட்கார முடியாவிட்டால் பரவாயில்லை, பல கோயில்களில் நாற்காலி போட்டிருப்பார்கள். சாப்பிட்டுவிட்டு ஒகுனோயினுக்கு மறுபடி போனால் பத்தரை மணிக்குத் துறவிகள் கூகாய்க்கு உணவுப் பெட்டி தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். கடைசிப் பாலத்துக்கு அப்பால் படம் எடுக்கக் கூடாது.

அரை நாள் மிச்சம் இருந்தால் பஸ்ஸில் நியோனின்தோவுக்கே திரும்பி வாருங்கள். உள்ளே விடப்படாத பெண்கள் மலை விளிம்பிலேயே சுற்றிச் சுற்றி நடந்து உண்டான பாதை இன்னும் இருக்கிறது. அதில் பெந்தென்தாகே சிகரம் ஏறி தைமோன் பெருவாயிலில் இறங்கும் பகுதி மட்டும் போதும், ஒன்றரை இரண்டு மணி நேரம். மழை பெய்திருந்தால் வேர்கள் வழுக்கும், நல்ல காலணி போடுங்கள். கரடி எச்சரிக்கைப் பலகை இருக்கும், பையில் ஒரு சின்ன மணி கட்டிக்கொள்ளுங்கள். நான் போனபோது வழியில் ஒரு பாட்டி மட்டும் எதிரே வந்தார், என் மணிச் சத்தம் கேட்டு அவர் மணியையும் ஆட்டிக் காட்டினார்.