சுண்ணாம்பு நீறும்போது என்ட்ரோபி குறைகிறது: வெப்ப இயக்கவியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் பட்டால் கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பு சுவரில் ஏறியபின் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடி கல்லாகும். ஆற்றல், என்ட்ரோபி பாடத்தில் மாணவர்கள் வழுக்கும் இடங்களில் பெரும்பாலானவற்றை இந்த மூன்று வினைகளை வைத்தே காட்டிவிடலாம்.

என்தால்பி மாற்றம் என்பது மாறா அழுத்தத்தில் வினை வாங்கும் (+) அல்லது விடும் (−) வெப்பம். என்ட்ரோபி, ஆற்றலும் துகள்களும் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு. 25 டிகிரி செல்சியஸில், ஒரு மோலுக்கு (வேதியியலில் துகள்களை எண்ணும் அலகு):

சுடுதல்: என்தால்பி மாற்றம் +178.3 கிலோஜூல், என்ட்ரோபி மாற்றம் கெல்வினுக்கு +160.5 ஜூல்.
நீறுதல்: −65.2 கிலோஜூல், −26.2 ஜூல்.
இறுகுதல்: −113.1 கிலோஜூல், −134.3 ஜூல்.

மூன்றையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு வரிசையும் சுழி. கிளம்பிய கல்லுக்கே திரும்பிவிட்டோம், ஆகவே சுழியாகத்தான் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ குறி மாறியிருக்கிறது. எந்தச் சுற்றுவினைக்கும் இந்தச் சோதனையைச் செய்யலாம், விடைத்தாளிலும்கூட.

இனி, பலரையும் ஏமாற்றுகிற தவறு. "என்ட்ரோபி எப்போதும் கூடும்" என்று மனப்பாடம் செய்தவர், நீறுதலில் −26.2 என்று பார்த்ததும் திகைக்கிறார். தண்ணீரைச் சேர்த்தவுடன் தானாகவே நடக்கிற வினையில் எப்படிக் குறையும்? மதிப்புப் பட்டியலிலிருந்து நாம் கணக்கிட்டது அமைப்பின், அதாவது வினைபுரியும் பொருள்களின், என்ட்ரோபி மட்டுமே. கூட வேண்டியது அமைப்பும் சூழலும் சேர்ந்த மொத்தம். நீறும்போது 65.2 கிலோஜூல் வெப்பம் சூழலுக்குப் போகிறது. 65,200 ஜூலை 298 கெல்வினால் வகுத்தால், சூழலின் என்ட்ரோபி சுமார் 219 ஜூல் கூடுகிறது. அமைப்பில் குறைந்த 26-ஐக் கழித்தாலும் மொத்தம் +193 அளவில் நிற்கிறது.

வினை தானாக நடக்குமா என்று சொல்லும் அளவு கட்டிலா ஆற்றல்; அதன் மாற்றம் எதிர்க்குறியாக வந்தால் நடக்கும். அதன் சூத்திரம் இதே கணக்கைத்தான் வேறு உருவில் செய்கிறது: என்தால்பி மாற்றத்திலிருந்து, கெல்வின் வெப்பநிலையையும் என்ட்ரோபி மாற்றத்தையும் பெருக்கிவந்ததைக் கழிக்க வேண்டும். அதில் என்தால்பி உறுப்பு சூழலின் பங்கு. இதைப் புரிந்துகொண்டால் சூத்திரத்தில் ஏன் கழித்தல் குறி என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. என்ட்ரோபியை "ஒழுங்கின்மை" என்று மட்டும் சொல்லிக்கொடுப்பதால்தான் இந்தக் குழப்பம் இவ்வளவு ஆழமாக வேரோடுகிறது. ஆற்றலும் துகள்களும் எத்தனை விதமாகப் பரவி அமையலாம் என்பதன் அளவு அது. கல்லும் நீரும் பார்வைக்குச் சீராக இருக்கின்றனவா என்பது கணக்கிலேயே வராது.

நீறும்போது வரும் சூடு "சுண்ணாம்பின் பிணைப்புகள் உடைவதால்" வருகிறது என்று எழுதுவதும் பிழை. பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் செலவாகும். புதிய பிணைப்புகளும் புதிய படிகமும் உருவாகும்போது அதைவிட அதிகமாகக் கிடைக்கிறது, அந்த மிச்சமே வெப்பம். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு இது ஏறக்குறைய 1,160 கிலோஜூல். 30 டிகிரியிலுள்ள மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க 900-க்கும் குறைவாகவே போதும். அதனால் சுண்ணாம்புக் குவியலின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. நிறையத் தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், கண்ணாடி அணிந்துகொண்டு. தெறிக்கும் குழம்பு சூடு மட்டுமில்லை, கண்ணை அரிக்கும் காரமும் கூட.

அடுத்தது காளவாய்க் கணக்கு. எந்த வெப்பநிலையில் கல் சிதையும்? கட்டிலா ஆற்றல் மாற்றம் சுழியாகும் இடத்தில்; என்தால்பி மாற்றத்தை என்ட்ரோபி மாற்றத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 178.3-ஐ 160.5-ஆல் வகுத்து 1.11 கெல்வின் என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. என்தால்பி கிலோஜூலில், என்ட்ரோபி ஜூலில்: ஏதாவது ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். 178,300-ஐ 160.5-ஆல் வகுத்தால் 1,111 கெல்வின், அதாவது 838 டிகிரி செல்சியஸ். செல்சியஸை நேரடியாகச் சூத்திரத்தில் போடுவதும் இதே வகைப் பிழை.

இந்த 838-ஐயும் கல்வெட்டாகக் கொள்ளாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு ஒரு வளிமண்டல அழுத்தத்தை எட்டும் உண்மையான வெப்பநிலை 900 டிகிரியை ஒட்டியது. 25 டிகிரியில் எடுத்த மதிப்புகள் 900 டிகிரியிலும் மாறாமல் இருக்கும் என்று வைத்துக்கொண்டதால் வந்த வித்தியாசம் அது. இன்னொரு பக்கம், "838-க்குக் கீழே நடக்கவே நடக்காது" என்பதும் தவறு. அந்த எண் திட்ட அழுத்தத்துக்கானது, அதாவது கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும் நிலைக்கானது. காற்று ஓட்டம் கார்பன் டை ஆக்சைடை அடித்துக்கொண்டு போய், அதன் பகுதி அழுத்தம் (வாயுக் கலவையில் அதன் பங்கான அழுத்தம்) அதில் பத்தில் ஒரு பங்காக இருந்தால், என்ட்ரோபி மதிப்போடு கெல்வினுக்கு 19.1 ஜூல் சேரும். அதே கணக்கு இப்போது 720 டிகிரி அளவில் முடியும். திட்ட மதிப்பையும் நடப்பு மதிப்பையும் ஒன்றாக எண்ணுவோர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

மதிப்புப் பட்டியலைப் படிப்பதில் இரண்டு பிழைகள் அடிக்கடி வரும். அதிலுள்ள உருவாதல் என்தால்பி, ஒரு மோல் சேர்மம் தனிமங்களிலிருந்து உருவாகும்போதான என்தால்பி மாற்றம். தண்ணீரின் உருவாதல் என்தால்பி திரவத்துக்கு −285.8, ஆவிக்கு −241.8. மாற்றி எடுத்தால் நீறுதல் −65.2-க்குப் பதில் −109.2 ஆகிவிடும். மற்றது, தனிமங்களின் உருவாதல் என்தால்பி சுழி என்பதால் என்ட்ரோபியும் சுழி என்று போடுவது. ஆக்சிஜனுக்கு அது 205 ஜூல். கால்சியமும் ஆக்சிஜனும் சேர்ந்து சுட்ட சுண்ணாம்பு உருவாகும் வினையில் இப்படிப் போட்டால், சுமார் −104 வர வேண்டிய இடத்தில் +40 வரும். அளவோடு குறியும் தலைகீழ்.

கடைசியாக, வேகம். இறுகுதலின் கட்டிலா ஆற்றல் மாற்றம் −73 கிலோஜூல், நீறுதலுக்கு −57. ஆனால் நீறுதல் நிமிடங்களில் கொதிக்கிறது, சாந்து இறுக மாதங்கள், தடித்த சுவரில் ஆண்டுகள்கூட ஆகும். கட்டிலா ஆற்றல் திசையைச் சொல்லும், கடிகாரத்தைச் சொல்லாது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு சொற்பம். அதுவும் சாந்தின் நுண்துளைகளுக்குள் ஊடுருவி, அங்குள்ள ஈரத்தில் கரைந்த பிறகே வினைபுரியும். பூச்சு எலும்பாகக் காய்ந்துவிட்டால் வினை நின்றுவிடும். துளைகள் முழுக்க நீரால் அடைபட்டாலும் வாயு உள்ளே போகாது. இலேசான ஈரம் இருக்கும்படி அவ்வப்போது தண்ணீர் தெளிப்பது இதற்காகத்தான். நீறிய குழம்பைத் தண்ணீர் மேலே நிற்கும்படி மூடிவைத்தால் ஆண்டுக்கணக்கில் மென்மையாகவே கிடக்கும், அந்த −73 அப்படியே இருந்தாலும்.