மெட்டாபேக்கேஜ் உருவாக்கும் கருவி: திருத்தி எழுதிய அனுபவம்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்ட எங்கள் பள்ளி மென்பொருள் தொகுப்பில் பாடத்துக்கு ஒரு மெட்டாபேக்கேஜ் உண்டு. அதை நிறுவினால் அந்தப் பாடத்துக்கான மென்பொருள்கள் சேர்ந்து வரும். வானியல் என்றால் ஸ்டெல்லேரியம், கேஸ்டார்ஸ். மெட்டாபேக்கேஜுக்குள் நிரல் எதுவும் இராது. சார்புப் பட்டியல், அதாவது கூடவே நிறுவ வேண்டிய பொதிகளின் (மென்பொருள் பேக்கேஜ்களின்) பட்டியல் மட்டுமே. அந்தப் பட்டியலை எழுதித் தரும் பழைய கருவி, ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு கணினிகளில் இரண்டு விதமான கண்ட்ரோல் கோப்பை (பொதியின் விவரமும் சார்புகளும் எழுதப்படும் கோப்பு) தந்தது.

காரணம், எந்தப் பொதி கிடைக்கிறது என்பதை அது ஓடும் கணினியில் பொதிகளை நிறுவும் நிரலான ஆப்ட்டிடமே கேட்டது. ஒன்றில் டெபியனின் நிலையான வெளியீடான ஸ்டேபிள், மற்றதில் அடுத்த வெளியீடாகத் தயாராகும் டெஸ்டிங். பதில் எப்படி ஒத்துப்போகும்?

வெளியீட்டின் பெயரைக் கொடுத்தால், அதிலுள்ள பொதிகளைப் பட்டியலிடும் பேக்கேஜஸ் அட்டவணையை மட்டும் படிக்கும்படி மாற்றினேன். இங்கேதான் நுணுக்கம். பெயரை மட்டும் பார்த்தால் போதாது. ‘மெயில்-டிரான்ஸ்போர்ட்-ஏஜென்ட்’ என்று தனிப் பொதியே கிடையாது. எக்ஸிம், போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற மின்னஞ்சல் அனுப்பும் நிரல்களின் பொதிகள் அந்தப் பெயரைப் ‘புரொவைட்ஸ்’ வரியில் தருகின்றன. அந்த வரியையும் படித்த பிறகுதான் ‘பொதி கிடைக்கவில்லை’ என்ற பொய் எச்சரிக்கைகள் நின்றன.

‘டிபெண்ட்ஸ்’ (கட்டாயச் சார்பு) அனைத்தையும் ‘ரெகமெண்ட்ஸ்’ (பரிந்துரை) ஆக்கினேன். டிபெண்ட்ஸில் உள்ள ஒரு பொதி காப்பகத்திலிருந்து நீங்கினாலும் முழு மெட்டாபேக்கேஜையும் நிறுவ முடியாது. ஆசிரியர் வேண்டாத ஒன்றை நீக்கினால் மெட்டாபேக்கேஜும் சேர்ந்து போய்விடும். ரெகமெண்ட்ஸையும் ஆப்ட் இயல்பாகவே நிறுவுகிறது என்பதால் இழப்பில்லை. கிடைக்காதவை, தானாக நிறுவப்படாத வெறும் யோசனைகளுக்கான ‘சஜஸ்ட்ஸ்’ வரிக்குப் போகும், எச்சரிக்கையுடன். சத்தமில்லாமல் விட்டுவிடுவதை நான் ஏற்பதில்லை.

கருவி எழுதித் தரும் பட்டியல் அகரவரிசையில், வரிக்கு ஒரு பொதி. கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் இப்போது மாறிய வரி மட்டுமே தெரிகிறது.