பணக்காரக் கால்பந்து லீக்குகளைப் பார்க்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொனால்டோ சவுதி அரேபியாவின் அல்-நாசர் கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. "அந்த லீக் பார்க்கிற மாதிரி இருக்குமா, இல்லை வெறும் காசு விளையாட்டா?" மெஸ்ஸி அமெரிக்காவின் இன்டர் மயாமிக்குப் போனபோதும் இதையே கேட்டார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே நடக்கும் லீக்குகளைப் பல வருடங்களாகப் பார்த்துக் குறிப்பெழுதி வைப்பது என் வழக்கம். அதனால் என்னிடம் வருகிறார்கள்.

பார்க்கிற மாதிரிதான் இருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போன மாதம் என் அக்கா மகன் ஒரு சவுதி ஆட்டத்தைப் பார்த்த விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். நான் ஒரு காலத்தில் செய்த தவறுகளை ஒன்றுவிடாமல் அவனும் செய்துகொண்டிருந்தான். அன்றைக்கே இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஒரே ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு லீக்குக்கே மதிப்பெண் போடுவது, டிரான்ஸ்ஃபர் வதந்திகளை நம்பி ஏமாறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். நாலு வாரம் பார்த்தால் அவை தானாகவே சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை மட்டும் இங்கே.

நட்சத்திரத்தின் மீதே கண் வைத்திருப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

2023 ஆகஸ்டில் பிரேசில் நட்சத்திரம் நெய்மார் சவுதியின் அல்-ஹிலால் கிளப்பில் சேர்ந்தார். பார்சிலோனா காலத்திலிருந்து அவர் ஆட்டத்தை விடாமல் பார்த்தவன் நான். அந்த லீக்கின் ஆட்டங்களைப் பார்க்க யோசிக்காமல் ஒரு வருடத்துக்குச் சந்தா கட்டினேன். அக்டோபர் 17 அன்று மான்டெவிடியோவில் உருகுவேக்கு எதிராகப் பிரேசிலுக்கு ஆடும்போது அவருடைய இடது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அதுவரை அல்-ஹிலாலுக்கு அவர் ஆடியது ஐந்தே ஆட்டம். இனி இந்த சீசனில் அவர் இல்லை என்று தெரிந்ததும், நானும் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். சந்தா ஓடிக்கொண்டிருந்தது. நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நான் பார்க்காமல் விட்ட மாதங்களில் என்ன நடந்தது தெரியுமா? அந்த அணி செப்டம்பர் கடைசியில் ஜெயிக்கத் தொடங்கி ஏப்ரல் வரை நிறுத்தவே இல்லை. எல்லாப் போட்டிகளையும் சேர்த்துத் தொடர்ந்து 34 வெற்றிகள். அதற்கு முன் இருந்த உலக சாதனை 27. வேல்ஸ் நாட்டின் தி நியூ செயின்ட்ஸ் கிளப் 2016-இல் எட்டியது. 2024 மார்ச்சில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் அல்-இத்திஹாதை அவர்கள் ஊரான ஜித்தாவிலேயே தோற்கடித்து அந்தச் சாதனையைத் தாண்டினார்கள். உள்நாட்டு லீக்கில் 34 ஆட்டங்களில் 31 வெற்றி, 3 டிரா, தோல்வியே கிடையாது. 101 கோல் அடித்தார்கள். இத்தனையும் நெய்மார் ஐந்தே ஆட்டம் ஆடிய சீசனில்.

அடுத்த வருடம் உட்கார்ந்து அந்த சீசனின் முழு ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். நடுக்களத்தில் ரூபென் நெவெஸ் அவசரமே இல்லாமல் நீளமான பாஸ் போடுவார். பந்து போய் விழும் இடத்தில் ஒருவர் ஏற்கெனவே ஓடி வந்திருப்பார். மிலின்கோவிச்-சாவிச் தலைக்கு வரும் பந்தை மார்பில் வாங்கி அப்படியே திருப்பிவிடுவார். முன்னால் மித்ரோவிச் இரண்டு டிஃபெண்டர்களை முதுகில் தாங்கிக்கொண்டு நிற்பார். வலது பக்கம் சவுத் அப்துல்ஹமீத் என்ற சவுதி இளைஞர் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருப்பார். அடுத்த வருடமே இத்தாலியின் ரோமா அவரை வாங்கியது. இடது பக்கம் சலீம் அல்-தவ்சாரி. 2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவைச் சவுதி தோற்கடித்தபோது இரண்டாவது கோலை அடித்தவர் அவர்தான்.

எவ்வளவு நல்ல அணி! ஆனால் எனக்கு எல்லா முடிவும் முன்பே தெரியும். எண்பதாவது நிமிடத்தில் டிராவில் நிற்கும் ஆட்டத்தில், இந்தத் தொடர் இன்றைக்கு உடைந்துவிடுமோ என்ற படபடப்பு எனக்குக் கிடைக்கவில்லை. அது நேரடியாகப் பார்த்தவர்களுக்கு மட்டுமே உரியது. சந்தாப் பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன். இதை மறக்க முடியவில்லை.

நெய்மார் கடைசியில் அந்த கிளப்புக்கு மொத்தம் 7 ஆட்டம் ஆடிவிட்டு 2025 ஜனவரியில் விலகினார். காயம் யார் கையிலும் இல்லை. ஒரு மனிதரின் முழங்காலை நம்பி ஒரு லீக்கைப் பார்க்கப் போனது என் தவறு.

என் அக்கா மகன் செய்வது இதன் சின்ன வடிவம். பந்து ரொனால்டோவிடம் வரும்போது நிமிர்ந்து உட்காருவான். பந்து அந்தப் பக்கம் போனதும் போனை எடுத்துவிடுவான். முப்பத்தைந்து வயது தாண்டிய முன்வரிசை ஆட்டக்காரர் யாராக இருந்தாலும் ஆட்டத்தின் பெரும்பகுதி நடந்துகொண்டுதான் இருப்பார். அவர் காலில் பந்து இருக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். மீதி நேரம் முழுவதும் போனில் போய்விட்டால், பிறகு "லீக் போர் அடிக்கிறது" என்றுதான் தோன்றும்.

அந்தப் பெரிய ஆட்டக்காரர் மைதானத்தில் இருப்பதால் மற்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது. மெஸ்ஸி நடுவில் பந்தை வாங்கியதும் மூன்று பேர் அவரை நோக்கி நகர்வார்கள். 2025-இல் ஓய்வு பெறும் வரை, அந்த நொடியில் இடது ஓரத்தில் ஜோர்டி ஆல்பா ஓடத் தொடங்குவார். பார்சிலோனாவில் வருடக்கணக்காகச் செய்த அதே ஓட்டம். மெஸ்ஸியை மட்டும் பார்ப்பவருக்கு ஒரு அழகான பாஸ் தெரியும். ஆல்பாவையும் பார்த்தவருக்கு அந்தப் பாஸ் ஏன் சாத்தியமானது என்று தெரியும்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். முதல் கால் மணி நேரம் நட்சத்திரத்தைப் பார்க்கவே மாட்டேன். அவருக்குப் பக்கத்தில் ஆடும் உள்ளூர் ஆட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பந்து அவரிடம் இல்லாதபோதும் அவர் என்ன செய்கிறார் என்று கவனிப்பேன். இடைவேளைக்குப் பிறகு எதிரணியில் ஒருவர். இரண்டு மூன்று வாரம் இப்படிப் பார்த்தால் அணியே மனதில் பதிந்துவிடும். அப்புறம் நட்சத்திரம் பெஞ்சில் உட்கார்ந்தாலும் நீங்கள் எழுந்து போக மாட்டீர்கள்.

'புது லீக்' என்று நம்புவது

பணம் புதிது. லீக் புதிதல்ல. சவுதி லீக் 1976-இல் தொடங்கியது. அல்-இத்திஹாத் 1927-இல் பிறந்த கிளப். அல்-ஹிலால் நான்கு முறை ஆசிய சாம்பியன் ஆனது, நான்கும் 2021-க்குள். நெய்மார் வருவதற்கு முன்பே. 2023 ஜூனில் சவுதி அரசின் முதலீட்டு நிதியம் நான்கு பெரிய கிளப்புகளில் 75 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் ரியாத்தில் அல்-ஹிலாலுக்கும் அல்-நாசருக்கும் உள்ள பகை தலைமுறை தலைமுறையாக வருவது. அந்த டெர்பியை, அதாவது ஒரே ஊர்க் கிளப்புகள் மோதும் ஆட்டத்தை, பார்க்கும்போது கூட்டத்தின் சத்தத்தைக் கேளுங்கள். நேற்று வந்த கூட்டம் அப்படிக் கத்தாது.

மறுபக்கமும் உண்டு. அதே லீக்கில் சின்ன கிளப்புகளின் சில ஆட்டங்களுக்கு ஆயிரம் பேர்கூட வருவதில்லை. வெளிநாட்டவர் எண்ணிக்கை கூடக் கூட, சவுதி ஆட்டக்காரர்கள் பெஞ்சுக்குப் போகிறார்கள். 2024-இல் தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்த ராபர்ட்டோ மான்சினியே இதை வெளிப்படையாகக் குறை சொன்னார். இது நியாயமான குறை. எனக்கும் இந்த லீக்கில் பிடிக்காத விஷயம் இதுதான்.

லீக் நிலைக்குமா என்று தெரிந்தபின் பார்க்கலாம் எனக் காத்திருப்பது

"சீன லீக்கில் பணம் வற்றிப்போன மாதிரி இதுவும் நாலு வருடத்தில் முடிந்துவிடும், எதற்குப் பார்க்க வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு நான் கொலம்பியாவின் கதையைச் சொல்வேன்.

1940-களின் கடைசியில் அர்ஜென்டினாவில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே நேரத்தில் கொலம்பியாவில் ஃபிஃபாவின் கட்டுப்பாட்டுக்கு வெளியே ஒரு லீக் நடந்தது. வேறு நாட்டு கிளப்புகளுக்கு டிரான்ஸ்ஃபர் தொகை கொடுக்காமலே ஆட்களைக் கூட்டி வந்து நல்ல சம்பளம் கொடுத்தார்கள். போகோட்டாவின் மில்லோனாரியோஸ் கிளப்புக்கு அர்ஜென்டினா நட்சத்திரம் ஆல்ஃப்ரெடோ டி ஸ்டெஃபானோ வந்தார். 1949-இலிருந்து 1953-க்குள் அந்த கிளப் நான்கு பட்டங்கள் வென்றது. 1952-இல் மாட்ரிட்டுக்கே போய் ரியல் மாட்ரிட்டை 4-2 என்று தோற்கடித்தது. பிறகு ஃபிஃபாவோடு சமரசம் ஏற்பட்டு, ஆட்டக்காரர்கள் திரும்பிப் போனார்கள், அந்தக் காலம் முடிந்தது. டி ஸ்டெஃபானோ ரியல் மாட்ரிட்டில் சேர்ந்து ஐரோப்பாவையே ஆண்டார். நிலைக்காத லீக்தான். ஆனால் அதை நேரில் பார்த்தவர்கள் இழந்தது எதுவும் இல்லை.

அமெரிக்காவில் 1968-இல் தொடங்கிய பழைய லீக்கும் அப்படித்தான். பெலே 1975-இல் நியூயார்க் காஸ்மோஸுக்கு வந்தார், பெக்கன்பவர் 1977-இல் வந்தார். அந்த வருட ஆகஸ்டில் ஒரு ஆட்டத்துக்கு 77,691 பேர் வந்தார்கள். 1984 சீசனோடு லீக் மூடப்பட்டது. அதற்கு நேர்மாறாக, பிரேசிலின் ஜிகோவையும் இங்கிலாந்தின் லினெக்கரையும் வைத்து 1993-இல் 10 கிளப்புகளோடு தொடங்கிய ஜப்பானின் ஜே லீக் இன்று 60 கிளப்புகளாக மூன்று பிரிவுகளில் நடக்கிறது. தொடங்கிய அன்று இரண்டையும் பார்த்த ஒருவரால் எது நிலைக்கும் என்று சொல்லியிருக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை மட்டும். பார்ப்பது வேறு, ஒரு கிளப்பை மனதுக்குள் வைத்துக்கொள்வது வேறு. ஜியாங்சு கிளப் 2020 நவம்பரில் சீனச் சாம்பியன் ஆனது. 2021 பிப்ரவரியில் இழுத்து மூடப்பட்டது. இரண்டு முறை ஆசிய சாம்பியனான குவாங்சோவும் 2025 ஜனவரியில் போய்விட்டது. ஒரு முதலாளியின் கம்பெனியைத் தவிர வேறு வேர் இல்லாத கிளப்பாக இருந்தால், ஆட்டத்தை ரசியுங்கள், ஆனால் பிள்ளைக்கு ஜெர்சி வாங்கித் தருவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

ஓய்வு பெறப் போகிறவர்களின் லீக் என்று ஒதுக்குவது

பிரேசில் ஆட்டக்காரர் பாலினியோ 2015-இல் இங்கிலாந்தின் டாட்டன்ஹமிலிருந்து சீனா போனபோது அவர் கதை முடிந்தது என்றார்கள். இரண்டே வருடத்தில் பார்சிலோனா அவரை 4 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. அங்கே அவரைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. பந்து இல்லாமல் பெனால்டி பெட்டிக்குள் அவர் நுழையும் நேரம் அவ்வளவு துல்லியம்.

ரூபென் நெவெஸ் சவுதி போனபோது அவருக்கு வயது 26. ஸ்பெயினின் கப்ரி வெய்கா போனபோது 21.

ஹைலைட்ஸ் பார்த்துத் தீர்மானிப்பது

கோல் மட்டும் தெரியும். ஆட்டம் தெரியாது.

எல்லாவற்றையும் இங்கிலாந்தின் வேகத்தோடு ஒப்பிடுவது

வெப்பமான ஊரில் இரவு ஆட்டத்தில்கூட முழுநேரமும் ஓடிக்கொண்டிருக்க முடியாது. அணிகள் பந்தை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கும், பிறகு பத்து நிமிடம் பாயும். அந்தத் தாளத்துக்குக் கண் பழக வேண்டும். தரம் இல்லை என்பவர்களுக்கு: 2025 கிளப் உலகக் கோப்பையில் அல்-ஹிலால் ரியல் மாட்ரிட்டோடு 1-1 டிரா செய்தது, மான்செஸ்டர் சிட்டியை 4-3 என்று வெளியேற்றியது. ஆனால் அந்த லீக்கின் கடைசி நாலு அணிகள் அந்தத் தரத்தில் இல்லை என்பதும் உண்மை. இடைவெளி பெரிது.

விதிகளைத் தெரிந்துகொள்ளாமல் உட்காருவது

அமெரிக்காவின் எம்எல்எஸ்ஸில் கீழ்ப்பிரிவுக்கு இறக்குவது கிடையாது, ஆனால் சாம்பியனைத் தீர்மானிக்க சீசன் கடைசியில் பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றுகள் உண்டு. 2024-இல் இன்டர் மயாமி 74 புள்ளி என்ற புதிய சாதனையோடு முதலிடம் பிடித்தது. பிறகு மூன்று ஆட்டங்கள் கொண்ட பிளேஆஃப் முதல் சுற்றிலேயே 40 புள்ளி எடுத்த அட்லாண்டாவிடம் தோற்று வெளியேறியது. விதி தெரியாதவர்கள் அன்றைக்குக் குழம்பிப் போனார்கள். தெரிந்தவர்களுக்கு அது அந்த வருடத்தின் மிக நல்ல மூன்று ஆட்டங்கள்.

முதல் ஆட்டத்தைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது

நட்சத்திர அணி கடைசி இடத்து அணியோடு மோதும் ஆட்டத்தை எடுக்காதீர்கள். ஐந்து கோல் விழும், ஒன்றும் மனதில் நிற்காது. ரியாத் டெர்பியை எடுங்கள், அல்லது ஜித்தாவில் அல்-இத்திஹாதும் அல்-அஹ்லியும் மோதும் நாளை. அடுத்த டெர்பிக்கு என் அக்கா மகனும் வருகிறான். ரொனால்டோவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வலது பக்க டிஃபெண்டரைப் பார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சந்தா

மாதா மாதம் கட்டுங்கள்.