ஏழாவது எக்ஸான் சேர்ந்ததா, விடுபட்டதா: ஆய்வகத்தில் கண்டறியும் முறை

தண்டுவடத் தசைச் சிதைவு நோயுடன் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு எஸ்.எம்.என்.1 மரபணு செயல்படுவதில்லை. அதற்கு இணையான எஸ்.எம்.என்.2 இருந்தும், அதன் ஏழாவது எக்ஸானில் (இறுதி ஆர்.என்.ஏ.வில் சேரும் பகுதி) ஆறாம் இடத்தில் சி என்ற காரத்துக்குப் பதிலாக டி அமைந்திருப்பதால், எக்ஸான்களை ஒட்டிச் சேர்க்கும் ஸ்ப்ளைசிங்கின்போது பெரும்பாலான ஆர்.என்.ஏ. பிரதிகளில் அந்த எக்ஸான் விடுபட்டு, நிலைக்காத குறைப்புரதமே உருவாகிறது. 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நூசினெர்சென் என்ற மருந்து, அடுத்துள்ள இன்ட்ரானில் (ஸ்ப்ளைசிங்கில் வெட்டி நீக்கப்படும் பகுதி) ஒட்டிக்கொண்டு எக்ஸானைச் சேர்க்க வைக்கிறது. புதிய மூலக்கூறு ஒன்றுக்கும் அத்திறன் உண்டா என்று அறிய விரும்பும் மாணவர், ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்துப் பெருக்கும் ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையை முதலில் பழக வேண்டும்.

நோயாளியின் தோல் செல்களிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கும்போது கையுறையைக் கழற்றக் கூடாது. நம் தோலிலேயே ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. கலந்திருக்கும் டி.என்.ஏ.வை நொதியால் நீக்கிய பிறகு, தலைகீழ் படியெடுப்பு நொதி சேர்க்காத ஒரு குழாயையும் தவறாமல் உடன் வைக்க வேண்டும். பின்னர் ஜெல்லில் அதற்குப் பட்டை தெரிந்தால் டி.என்.ஏ. எஞ்சியிருக்கிறது என்று பொருள்; அன்றைய முடிவுகளை நம்ப இயலாது.

பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் குறுந்துண்டுகளான பிரைமர்களில் ஒன்று ஆறாவது எக்ஸானிலும் மற்றொன்று எட்டாவது எக்ஸானிலும் அமைய வேண்டும். அப்போது, எக்ஸான் சேர்ந்த பிரதியும் விடுபட்ட பிரதியும் 54 கார இணைகள் வேறுபட்ட இரு பட்டைகளாக ஜெல்லில் பிரியும். பி.சி.ஆர். சுழற்சிகளின் எண்ணிக்கையில்தான் பலரும் தவறுகிறார்கள்: குட்டையான பிரதி விரைவாகப் பெருகுவதாலும், சுழற்சி கூடும்போது வினைப்பொருள்கள் தீர்ந்து வளர்ச்சி தேங்குவதாலும், உண்மையான விகிதம் மறைந்துவிடும். ஆகவே வெவ்வேறு சுழற்சிகளில் மாதிரி எடுத்துப் பார்த்து, பெருக்கம் இன்னும் தேங்காத எண்ணிக்கையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பட்டைகளைக் காட்டும் சாயத்தின் ஒளிர்வு, பிரதியின் நீளத்தைப் பொறுத்தது என்பதால், ஒவ்வொரு பட்டையின் ஒளிர்வையும் அதன் நீளத்தால் வகுத்த பின்னரே விகிதம் காண வேண்டும். இரண்டுக்கும் மேலாக மங்கலான மூன்றாம் பட்டை தெரிந்தால், அது பெரும்பாலும் இரு பிரதிகளின் இழைகள் தவறாக இணைந்ததால் உண்டானது. அதைப் புதிய ஸ்ப்ளைசிங் வடிவமாகக் கருதலாகாது.

எஸ்.எம்.என்.1 உள்ள செல்களில் சோதிப்பவர், எஸ்.எம்.என்.2-இன் எட்டாவது எக்ஸானை மட்டும் வெட்டும் டிடிஇ-1 நொதியால் பிரதிகளைப் பிரித்தறிய வேண்டும். விகிதம் உயர்ந்ததாகத் தெரிந்தாலும், மொத்த ஆர்.என்.ஏ. குறைந்துவிடவில்லை என்பதையும், முழுப் புரதம் கூடியிருக்கிறது என்பதையும் வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைக் கண்டறியும் முறை) போன்ற தனிச் சோதனைகளால் உறுதி செய்த பிறகே அம்மூலக்கூறு வேலை செய்கிறது என்று எழுதலாம்.