கல்யாணக் கமராவால் தூரத்து வியாழனைப் பிடிக்கலாம்: வன்னியில் இருந்து செய்யும் முறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் புதுக் கோள் கண்டுபிடிக்கப் போகிறேன் என்று கமராவை வானத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு இருந்தால் ஆயுசுக்கும் ஒன்றும் அகப்படாது. வியாழன் அளவுக் கோள் ஒன்றைச் சில நாட்களில் சுற்றி முடிக்கும்படி கிட்ட வைத்திருக்கும் சூரியன் மாதிரி நட்சத்திரங்கள் நூற்றுக்கு ஒன்று தேறுவதே கஷ்டம். அவற்றிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்றில்தான் கோள் நம் பார்வைக்குக் குறுக்கே போகிற கோணம் அமையும். ஆகவே ஒழுங்கு இதுதான்: ஏற்கெனவே தெரிந்த கோள் ஒன்றின் கடப்பை, அதாவது அது குறுக்கே போகும்போது நட்சத்திர வெளிச்சம் சற்றுக் குறைவதை, அளந்து கை பழகுங்கள், அப்புறம் சந்தேகப் பட்டியலில் இருப்பவற்றைச் சோதிக்கும் வேலைக்குப் போங்கள். கண்டுபிடிப்பில் நமக்கு உண்மையான பங்கு கிடைப்பது அந்த இரண்டாவது வேலையில்தான்.

பெரிய தொலைநோக்கி வேண்டுமே என்று பின்வாங்காதீர்கள். ஒரு கோள் தன் நட்சத்திரத்தைக் கடப்பதை முதன்முதலில் 1999 இல் பார்த்தவர்களில் டேவிட் சார்போனோவின் குழு பயன்படுத்தியது வெறும் 10 சென்றிமீற்றர் கருவி. பிறகு வந்த வாஸ்ப் திட்டம் கனன் 200 மிமீ லென்ஸ்களால் கோள்களை அள்ளியது, கெல்ட் திட்டத்தின் லென்ஸ் விட்டம் 4.2 சென்றிமீற்றர்தான். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கல்யாண வீடு எடுக்கிற ஸ்ரூடியோக்காரரிடம் 70-200 எஃப் 2.8 லென்ஸ் இருக்கும், முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து இரவல் கேளுங்கள். அதோடு நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து திரும்பும் சிறு மோட்டார் தாங்கி ஒன்று வேண்டும். உண்மையான செலவு அது ஒன்றுதான்.

பழகுவதற்கு இரண்டு நட்சத்திரங்கள் போதும். எச்டி 189733 (எச்டி என்பது ஒரு நட்சத்திரப் பட்டியல்), பிரகாச எண் 7.7 (எண் கூடினால் மங்கல்), டம்பெல் நெபுலா எனப்படும் எம்27 என்ற வாயுமுகிலிலிருந்து கிழக்கே முழுநிலா அகலத்தில் பாதித் தூரத்தில் இருக்கிறது. அதன் கோள் 2.22 நாளுக்கு ஒருமுறை குறுக்கே போய் வெளிச்சத்தில் 2.4 சதவீதத்தை மறைக்கிறது, இரண்டு மணிக்கும் சற்றுக் குறைந்த நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மற்றது பெகாசஸ் கூட்டத்தில் எச்டி 209458, கிட்டத்தட்ட அதே பிரகாசம், ஆனால் மறைப்பு 1.6 சதவீதம், மூன்று மணி நேரம். அதன் சுற்றுக்காலம் 3.525 நாள் என்பதால் ஒரு வசதி உண்டு: இந்த வெள்ளி இரவு கடப்பு கிடைத்தால் அடுத்த வெள்ளியும் ஒரு மணி பத்து நிமிடம் பிந்திக் கிடைக்கும். முதல் முயற்சிக்கு ஆழம் கூடிய 189733 ஐத்தான் எடுங்கள். அது ஆடியில் நடுச்சாமம் அளவில் உச்சிக்குக் கிட்ட வருகிறது, மற்றது ஆவணியில். இரண்டுமே வன்னியில் மழை இல்லாத காலம், மாரி தொடங்கினால் மார்கழி வரைக்கும் கமராவை மூடிவைக்க வேண்டியதுதான். கடப்பு நேரங்களைச் செக் வானியல் சங்கத்தின் கடப்புத் தரவுத்தளத்தில் எடுக்கலாம், உலக நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

இருட்டு நம்மிடம் தாராளமாக இருக்கிறது, ஆனால் இவ்வளவு பிரகாசமான நட்சத்திரத்துக்கு இருட்டு அவ்வளவு முக்கியம் இல்லை, அரை நிலாவிலும் வேலை நடக்கும். முக்கியம் அசையாமல் இருப்பது. ஆடி மாதச் சோளகம் லென்ஸைப் பிடித்து ஆட்டும், ஆதலால் வீட்டுச் சுவருக்கு வடகிழக்கே ஒதுங்கி, முக்காலியைக் குட்டையாக வைத்து, நடுவில் மண் நிரப்பிய உரப்பை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். இன்னொரு சிக்கல், மோட்டார் தாங்கியின் அச்சைக் குறிவைக்க வேண்டிய துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்திலிருந்து 9 பாகைதான் உயரம், பனைக்கும் பாலைக்கும் பின்னால் ஒளிந்துவிடும். வடக்குப் பக்கம் வெளியான இடம் பாருங்கள், அறுவடை முடிந்த வயல் நல்லது. குளக்கட்டு ஆசை காட்டும், யானை வருகிற ஊர் என்றால் வேண்டாம். கண்ணிவெடிப் பலகை நிற்கும் காணிப் பக்கம் பகலிலும் போக வேண்டாம்.

இப்போது படம் எடுப்பது. இங்கேதான் ஸ்ரூடியோக்காரர் தலையில் அடித்துக்கொள்வார், ஏனென்றால் குவியத்தை வேண்டுமென்றே குழப்ப வேண்டும். நட்சத்திரம் கூர்மையாக இருந்தால் ஒளி முழுவதும் இரண்டு மூன்று பிக்சலில் விழுந்து நிரம்பி வழியும், பிறகு ஒரு சதவீதத்தை எங்கே அளப்பது? பத்துப் பதினைந்து பிக்சல் அகலத்துக்கு வட்டமாகப் பரவும்வரை குவியத்தை விலக்கி, அந்த வளையம் நகராதபடி ஒரு துண்டு ரேப் ஒட்டிவிடுங்கள். ரா கோப்பு, ஐஎஸ்ஓ 200, 30 முதல் 60 செக்கன். 14 பிட் கமராவில் உச்ச எண் 16,383 அளவில் நிற்கும், உங்கள் நட்சத்திரத்தின் பிரகாசமான பிக்சல் 10,000 ஐத் தாண்டாமல் பாருங்கள். தானியங்கி எதுவும் வேண்டாம், இரைச்சல் குறைப்பையும் நிறுத்துங்கள். கமரா மணியைத் தொடங்குமுன் கைபேசியோடு செக்கன் பிசகாமல் சரிசெய்யுங்கள். கடப்புக்கு ஒரு மணி முன்னால் தொடங்கி, முடிந்து ஒரு மணி வரை எடுங்கள். வெளிச்ச வரைபில் கடப்பு விழுத்தும் பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் சமதரை இல்லாவிட்டால் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று சொல்லவே முடியாது. பற்றறிக்கு மாற்று வழி யோசித்து வையுங்கள், நடுவில் நிறுத்தி மாற்றினால் வரைபில் ஒரு படி விழும். அந்திவேளையில் லென்ஸின் மேல் வெள்ளை வேட்டித் துணியை இழுத்துக் கட்டி, வானத்தைப் பார்த்து இருபது படம் எடுத்தால், தூசியையும் ஓர மங்கலையும் பிறகு சரிசெய்ய உதவும் சமப்படங்கள் ஆயிற்று. கடைசியில் மூடியைப் போட்டு, கமராவின் சொந்த இரைச்சலைக் கழிக்க, அதே நேர அளவில் இருட்டுப் படங்கள் இருபது.

கணக்குக்கு அஸ்ட்ரோஇமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள், பச்சை நிறப் பிக்சல்களை மட்டும் பிரித்து எடுத்துக் கொடுங்கள். உங்கள் நட்சத்திரத்தை அதே படத்தில் உள்ள, பிரகாசமும் நிறமும் ஒத்த வேறொரு நட்சத்திரத்தால் வகுப்பதுதான் முழு வித்தை. உதாரணத்துக்கு உங்களுடையது 2,00,000, ஒப்பு நட்சத்திரம் 2,50,000 என்றால் விகிதம் 0.800. மெல்லிய முகில் வந்து 1,60,000 ஆகவும் 2,00,000 ஆகவும் இறங்கினாலும் அதே 0.800. கோள் குறுக்கே வந்தால்தான் ஒன்று மட்டும் 1,95,200 ஆக இறங்கி விகிதம் 0.781 ஆகும். ஒப்பு நட்சத்திரமே மாறும் நட்சத்திரமாக இருந்துவிடலாம், அதனால் நாலைந்து எடுத்து ஒன்றோடொன்று சரிபாருங்கள். தனிப் புள்ளிகள் காற்று மினுக்கத்தால் மேலும் கீழும் சிதறிக் கிடக்கும், பத்துப் பத்தாகச் சராசரி எடுத்தால் பள்ளம் தெளியும். நேரத்தைச் சூரிய மண்டல மையத்துக்கு மாற்றும் தெரிவையும் போடுங்கள், பூமி தன் பாதையில் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து எட்டு நிமிடம் வரை வித்தியாசம் வரும்.

பள்ளம் வந்துவிட்டது, சரி, கோள்தான் என்று எப்படி நம்புவது? கிண்ணம் மாதிரி அடி அகன்றிருந்தால் நல்ல அறிகுறி. வி வடிவில் கூராக இறங்கி ஏறினால் அநேகமாக இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று மறைப்பவை. அடுத்தடுத்த பள்ளங்கள் ஆழத்தில் வேறுபட்டாலும், சிவப்பிலும் நீலத்திலும் ஆழம் நன்றாக மாறினாலும் அதே சந்தேகம்தான். எல்லாம் சரியாக இருந்தாலும்கூட, சிறு செங்குள்ள நட்சத்திரமும் வியாழனும் அளவில் ஒன்றாக இருக்கலாம் என்பதால், எடையைச் சொல்லப் பெரிய தொலைநோக்கியில் நிறமாலை எடுத்தாக வேண்டும். ஆட்கள் பிரகாசமான நட்சத்திரங்களையே தேடி ஓடுவதும் அந்த நிறமாலைக்காகத்தான். 209458 இன் கோள் வளியில் சோடியம் இருப்பதை ஹபிள் பிடித்ததும் அப்படித்தான்.

முதலில் சொன்ன சந்தேகப் பட்டியலுக்கு வருவோம். 2018 இல் ஏவிய, கோள் தேடும் டெஸ் விண்கலத்தின் ஒரு பிக்சல் வானத்தில் 21 பாகைச் செக்கன் அகலம் (ஒரு பாகையில் 3,600 பாகைச் செக்கன்). அதற்குள் பக்கத்து மங்கல் இரட்டை நட்சத்திரமும் கலந்து பொய்க் கோளாகத் தெரியும், எது இறங்குகிறது என்று பிரித்துப் பார்க்கத் தரையிலிருந்து ஆள் வேண்டும். லென்ஸால் 189733 இன் பள்ளம் உங்களுக்குச் சுத்தமாக வந்துவிட்டால், 20 சென்றிமீற்றர் தொலைநோக்கி ஒன்று கிடைக்கும் நாளில் இந்த வேலையில் இறங்கலாம். அதுவரை உங்கள் அளவீடுகளை நாசாவின் எக்ஸோபிளனெட் வாட்ச் திட்டத்துக்கு அனுப்புங்கள், கடப்பு நேரக் கணிப்புகள் பிசகாமல் இருக்க அவை உதவும், பதிவு இலவசம்.