அணைக்கரையில் சபை ரிட்ரீட்: அடிக்கடி நடக்கும் தவறுகள்

மதுரைச் சபைகளில் ரிட்ரீட், அதாவது சபையாக வெளியூர் போய் ஜெபத்திலும் ஓய்விலும் தங்கிவருவது, என்ற பேச்சு வந்தாலே முதலில் கொடைக்கானல் என்பார்கள். செலவு, மலை ரோடு, பஸ்ஸில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் எல்லாவற்றையும் யோசித்த பிறகு வைகை அணைப் பக்கம் இடம் பார்ப்பார்கள். 70 கிலோமீட்டர்தான், உசிலம்பட்டி ஆண்டிபட்டி வழியாக இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். நல்ல முடிவுதான். அப்புறம் கமிட்டி உட்கார்ந்து நிகழ்ச்சி நிரல் போடும். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பேனரில் பெரும்பாலும் மாற்கு 6:31 இருக்கும். சற்றே இளைப்பாறப் போவோம் என்று இயேசு சீஷர்களைக் கூப்பிடும் வசனம். நிரலில் பார்த்தால் விடிகாலை ஜெபம், வேதபாடம், செய்தி (பிரசங்கம்), குழு விவாதம், வினாடி வினா, மறுபடி செய்தி. சாப்பிடக்கூட அவர்களுக்கு நேரமில்லாமல் இருந்தது என்று அதே வசனத்தின் பிற்பாதியில் வரும். நாம் அந்தப் பிற்பாதியைத்தான் நிறைவேற்றுகிறோம். ஒரு நாளைக்கு இரண்டு செய்தி போதும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு மணி வரை எதையும் வைக்காதீர்கள். நிரல் காலியாகத் தெரிகிறதே என்று யாராவது கேட்பார்கள். காலியாகவே இருக்கட்டும்.

செய்தி கொடுக்க வருபவரிடம் முடிக்கும் நேரத்தை முன்பே சொல்லிவிடுங்கள். பன்னிரண்டரைக்கு முடிய வேண்டியது ஒன்றேகாலுக்கும் ஓடிக்கொண்டிருந்தால், பின்வரிசையில் காலையில் இன்சுலின் போட்டுக்கொண்ட பாட்டிக்குச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்க ஆரம்பிக்கும். அவர் பிரசங்கத்தின் நடுவே எழுந்து போக மாட்டார். கைப்பையில் இருக்கும் மிட்டாய்க் காகிதம் சத்தம் போடுமே என்று அதைக்கூடப் பிரிக்கத் தயங்குவார்.

அடுத்தது பணம். தலைக்கு இவ்வளவு என்று அறிவித்து, கட்டியவர்கள் பெயரை ஆராதனையில் வாசிக்கும் வழக்கம் சில சபைகளில் உண்டு. பெயர் வராத குடும்பம், ஊரில் ஒரு விசேஷம் இருக்கிறது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். கவரில் போட்டு ஐயரம்மாவிடமோ (போதகரின் மனைவி) பொருளாளரிடமோ கொடுங்கள், முடிந்ததைக் கொடுங்கள் என்று சொன்னால் போதும். குறைவதை, முடிந்தவர்கள் ஓசையில்லாமல் ஈடுகட்டிவிடுவார்கள்.

சமையலை ‘நம்ம அக்காமாரே பார்த்துக்கொள்வார்கள்’ என்று விடாதீர்கள். வீட்டில் அடுப்படியில் நிற்பவர்களை அணைக்கரைக்குக் கூட்டிப்போய் அங்கேயும் அடுப்படியில் நிறுத்துவதற்கு ரிட்ரீட் எதற்கு? ஒரு மாஸ்டரைப் பேசுங்கள். வழிச் சாப்பாட்டுக்கு இட்லிப் பொடியும் புளியோதரையும் தாங்கும். தேங்காய்ச் சட்னி உசிலம்பட்டி தாண்டுவதற்குள் புளித்துவிடும்.

இனி தண்ணீர். இதில் அலட்சியம் கூடவே கூடாது. ‘நம்ம பயல்கள் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள்’ என்று பெரியவர்களே சொல்வதைக் கேட்கலாம். கிணற்று நீர் நிற்கும், ஆற்று நீர் இழுக்கும். வைகையில் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த எட்டில் தலைக்கு மேல் தண்ணீரில் இருப்பார். அணை நீர்த்தேக்கத்திலோ அடியில் சேறு. அங்கே இறங்கவே கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேதி வைத்தால் பேப்பரில் அணை மட்டத்தைப் பார்த்து வாருங்கள். முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. அதன் பிறகு உபரி நீரை ஆற்றில் விடுவார்கள். வருசநாட்டு மலையில் பெய்த மழை, இங்கே வெயில் அடிக்கும்போதே வந்து சேரும். கும்பக்கரை அருவியிலும் அப்படித்தான், திடீரென்று குளிக்கத் தடை போடுவார்கள். தடை போட்ட அன்று ‘சர்ச்சிலிருந்து வந்திருக்கிறோம்’ என்று வனத்துறை ஊழியரிடம் வாதாடுவது நம் கிறிஸ்தவச் சாட்சிக்கும் அழகல்ல.

மூழ்குபவர் பெரும்பாலும் கத்த மாட்டார், கையை ஆட்டிக் கூப்பிடவும் மாட்டார். ஆகவே கரையில் இரண்டு பேரின் வேலையே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதாக இருக்க வேண்டும், கையில் போன் இல்லாமல். ஒருவர் தடுமாறினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவது இப்படித்தான். கயிறு, வேட்டி, மூடி போட்ட காலி இருபது லிட்டர் கேன், எது கிடைத்தாலும் எறியுங்கள். வெளியே எடுத்த பிறகு தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் தப்பு. மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும்; இன்னொருவர் 108ஐக் கூப்பிடட்டும். இருமிவிட்டு எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், சில மணி நேரம் கழித்தும் மூச்சு முட்டலாம். தேனி அரசு மருத்துவக் கல்லூரி க.விலக்கில்தான் இருக்கிறது. டிரைவருக்கு வழி தெரியுமா என்று முதல் நாளே கேட்டுவையுங்கள்.

முழுக்கு ஞானஸ்நானம் வைத்திருக்கும் சபைகளுக்கும் இது பொருந்தும். போதகர் இறங்கும் முன் யாராவது கம்பு விட்டு ஆழம் பார்க்கட்டும்.

ஒலிபெருக்கி இரவு பத்து முதல் காலை ஆறு வரை சட்டப்படியே கூடாது. பக்கத்து ஊர்க்காரர்கள் தூங்கட்டும்.

ஒன்று எல்லோருக்கும் மறந்துபோகும். ரிட்ரீட் ஞாயிறு அன்று ஆலயத்தைப் பூட்டிவிட்டுப் போகிறோம். பஸ் ஏற முடியாதவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்கள், சனிக்கிழமையும் கடை திறக்க வேண்டியவர்கள் எல்லாம் வழக்கம்போல் எட்டு மணிக்கு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். பத்துப் பேர் வந்தாலும் சரி, ஆராதனை நடத்த ஒருவரை நிறுத்திவிட்டுப் புறப்படுங்கள். மணியடிக்கும் அண்ணனிடமும் சாவி இருக்கட்டும்.