வளவில் கூடும் உறவும் கைபேசியும்: விசேஷ வீட்டில் அந்தரங்கம் காக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து நகரத்தாரின் பெரிய வீடுகளில் பலவும் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, கல்யாணத்துக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும், அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்திக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. அந்த இரண்டு மூன்று நாள்களில் வந்து சேரும் உறவினர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேமராவும், ஊர்ப்பட்ட பேரின் எண்களும் இருக்கின்றன. ஆகவே விசேஷத்தைப் பொறுப்பேற்று நடத்துபவர், பந்தலுக்கும் சமையலுக்கும் ஆள் சொல்லும்போதே இதற்கும் ஓர் ஒழுங்கு செய்துவிட வேண்டும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது உண்மை. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடுகள் விதித்திருப்பதும் உண்மை. ஆனால் ஒருவர் தம் சொந்த, குடும்பக் காரியங்களுக்காகக் கையாளும் விவரங்களை அந்தச் சட்டமே தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. வீட்டுக்குள் நடப்பதற்கு நம் பழக்கவழக்கம்தான் காவல்.

முதலில் வாட்ஸ்அப் குழு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்காளிகள் படைப்புக்காக நானே ஒரு குழு தொடங்கி, யாரையும் கேட்காமல் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தேன். ரயில் டிக்கெட் போடுவதற்காக மட்டும் தம் எண்ணை என்னிடம் கொடுத்திருந்த ஓர் ஆச்சிக்கு, அடுத்த வாரத்திலிருந்து முன்பின் தெரியாதவர்கள் முதலீட்டுத் திட்டம் சொல்லி அழைக்கத் தொடங்கினார்கள். “உன்னை நம்பித்தானேப்பா குடுத்தேன்” என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை இன்னும் என் மனத்தில் இருக்கிறது.

சாதாரணக் குழுவில் ஒருவர் எண் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக பிராட்காஸ்ட் லிஸ்ட் வழியே அனுப்பினால், செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போய்ச் சேரும். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. நம் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது சேரும் என்பதால், அழைப்பு வைக்கப் போகும்போதே “இந்த எண்ணைப் பதிஞ்சு வச்சுக்குங்க” என்று சொல்லிவிடுவது நல்லது. குழுதான் வேண்டும் என்றால், சேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். முன்பின் தெரியாதவர் உங்களை எந்தக் குழுவிலும் சேர்க்காதபடி தடுக்கும் வசதி, வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியில் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களின் கைபேசியில் அதை நீங்களே மாற்றிக் கொடுங்கள்.

புதிய செயலி ஒன்று தொடர்புகளைப் பார்க்க அனுமதி கேட்கும் இடத்தில்தான் நாம் மிகவும் அசட்டையாக இருக்கிறோம். வீட்டின் உள்முற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகளை நினைத்துப் பாருங்கள்: வீடு பொது, வளவு பொது, ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், உரிய அறைக்குத் தனிப்பூட்டு, அண்ணன் அறையைத் தம்பி திறந்து காட்டுவதில்லை. தொடர்புகளுக்கு அனுமதி கொடுப்பவர், மற்ற எல்லோருடைய அறையையும் சேர்த்தே அந்த நிறுவனத்துக்குத் திறந்துவிடுகிறார். அழைப்பது யாரென்று பெயர் காட்டும் செயலியானாலும் உணவு வரவழைக்கும் செயலியானாலும், அந்த அனுமதியை மறுத்துப் பாருங்கள்; பல செயலிகள் அது இல்லாமலும் வேலை செய்யும். ஏற்கெனவே கொடுத்ததை, கைபேசி அமைப்புகளில் அந்தச் செயலிக்குரிய அனுமதிப் பக்கத்தில் திரும்பப் பெறலாம். ஐபோனில், 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல், தேர்ந்தெடுத்த சிலரை மட்டும் காட்டவும் வழி இருக்கிறது.

படங்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சீர்ச் சாமான் பரப்பியிருப்பதையும், வெள்ளிப் பாத்திரங்களையும், இரண்டாங்கட்டு அறைகளின் கதவையும் பூட்டையும் எடுத்து அன்றே பொதுவில் போடுவது, இன்னும் சில நாளில் ஆளில்லாமல் பூட்டப்படவிருக்கும் வீட்டுக்குள் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று ஊரறியச் சொல்வதாகும். கேமரா அமைப்பில் இருப்பிடக் குறியை நிறுத்திவைத்தால் படத்தோடு இடம் பதியாது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது அந்தக் குறி நீங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். முகப்பிலும் பந்தலிலும் விருப்பம்போல் எடுக்கலாம், வளவுக்கு உள்ளே கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், அறைகளில் எடுக்கவே கூடாது என்று எங்கள் வீட்டில் வகுத்துக்கொண்டோம். பிள்ளைகள் படத்துக்கு அவர்களுடைய ஆத்தா அப்பச்சியின் (தாய் தகப்பனின்) சம்மதம் வேண்டும்.

இதைச் சொல்லும் விதத்தில்தான் மரியாதை இருக்கிறது. வயதில் மூத்தவர் ஒருவர் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தால், கூட்டத்தின் நடுவே தடுக்காமல் அருகில் போய், “அண்ணே, படம் ரொம்ப நல்லா வந்திருக்கு, நம்ம வீட்டுக்குள்ளயே வச்சுக்குவோம், பேஸ்புக்குல வேணாம்ணே” என்று மெதுவாகச் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார். உங்கள் முகத்தைப் பிறர் எடுக்கும்போது வேண்டாம் என்று சொல்வதும் தவறில்லை. அப்படிச் சொல்பவரிடம் காரணம் கேட்டுக் குடைவதுதான் தவறு.

ஸ்டூடியோக்காரரிடம் வாய்ப்பேச்சு போதாது. கல்யாணத்தில் இரு வீட்டாரின் சம்மதத்தையும் இசைகுடிமானம் என்னும் ஒப்பந்தமாக எழுதி வைத்துக்கொள்ளும் ஊர் நம்முடையது. முன்பணம் கொடுக்கும் ரசீதிலேயே, கேட்காமல் எந்தப் படத்தையும் இன்ஸ்டாகிராமில் விளம்பரத்துக்குப் போடக் கூடாது என்றும், ஆல்பமும் ஹார்டு டிஸ்க்கும் நம் கைக்கு வந்து சரிபார்த்தபின் இத்தனை நாளில் தம்மிடம் உள்ள பிரதியை அழித்துவிட வேண்டும் என்றும் இரண்டு வரி எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உறவினர்கள் படம் பார்க்க அனுப்பிய இணைப்பையும், மறுவீடு முடிந்து வீட்டைப் பூட்டும் நாளில், சாவியை ஒப்படைப்பதற்கு முன் நிறுத்திவிடுங்கள்.